நிறையும் பழியும்

மனிதன் தன் உடலின் நிலைக்கு எவ்வளவு தூரம் பொறுப்பாளி என்பது ஒழுக்கவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் மூன்றாம் நூலில் இதனைத் தொட்டுச் செல்கிறார். இயற்கையிலேயே அழகின்றிப் பிறந்தவனை எவரும் பழிப்பதில்லை. உடற்பயிற்சியின்மையாலும் கவனக்குறைவாலும் அந்நிலையை அடைந்தவனையே பழிக்கின்றனர் என்பது அவர் கூற்று. பிறவியிலேயே பார்வையற்றவன் இரக்கத்துக்குரியவன்; குடியினாற் பார்வையை இழந்தவன் கண்டனத்துக்குரியவன். மனிதனின் கையில் உள்ளவற்றுக்குப் பழி, கையில் இல்லாதவற்றுக்கு இரக்கம் என்னும் இப்பாகுபாடு மிகத் தெளிவானது. ஊர்த் திண்ணையிலிருந்து வைத்தியசாலை வரை இன்றும் செல்வாக்குடன் நிலவுவதும் இதுவே. ஆனால், ஓர் உடல்நிலை ஒரு பாதி பிறப்பினாலும் மறு பாதி வாழும் முறையினாலும் அமைந்து, அவ்விரு பாதிகளும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருக்குமாயின் அதனை எந்தப் பக்கத்திற் சேர்ப்பது? பழிப்பதா, இரங்குவதா?

இவ்விரு பகுப்புக்குள்ளும் அடங்க மறுக்கும் நோய் ஒன்று உண்டு. வைத்தியர்கள் பி.சி.ஓ.எஸ். என்று சுருக்கி அழைக்கும் சூலக நீர்க்கட்டி நோயே அது. மாதவிடாய் மாதக்கணக்கிற் பிந்துதல், முகத்திலும் மார்பிலும் ஆண்களுக்குப் போல உரோமம் வளர்தல், தீராத முகப்பரு, கருத்தரித்தலில் தாமதம் என்பன அதன் வெளிப்பாடுகள். அதன் பெயர்கூடப் பொருத்தமானதன்று. ஸ்கான் படத்திற் சூலகத்தைச் சுற்றி மணிகளைக் கோத்தாற்போலத் தெரிபவை உண்மையிற் கட்டிகள் அல்ல. சூலை முதிரச் செய்து வெளியேற்ற வேண்டிய சிறு பைகள் இடைவழியில் வளர்ச்சி நின்று தேங்கிப் போனவை. 1721 இல் வல்லிஸ்னியேரி என்னும் இத்தாலிய மருத்துவ அறிஞர், மணமாகியும் பிள்ளைப்பேறில்லாத, ஓரளவு பருத்த உடலுடைய உழவர் குலத்து இளம்பெண் ஒருத்தியின் சூலகங்கள் பெருத்து, வெண்மையாக, புறாவின் முட்டைகளைப் போல இருந்தமையைக் குறித்து வைத்தார். அக்காலத்து இத்தாலிய உழவர் வீட்டுப் பெண் உடலுழைப்பை அறியாதவளாய் இருந்திருப்பாள் என்று எவரும் துணிந்து கூறார் என்பது இடையே நோக்கத்தக்கது. 1935 இற் சிக்காகோ நகரத்து மருத்துவர்களான ஸ்ரைன், லெவெந்தால் ஆகிய இருவரும் ஏழு பெண்களின் வரலாற்றை ஒருங்கே வெளியிட்ட பின்னரே இது தனியொரு நோயாக மருத்துவ உலகிற் கணிக்கப்படலாயிற்று. அவர்கள் கண்ட மருந்து கத்தியே. சூலகத்தில் ஆப்பு வடிவான ஒரு துண்டினை வெட்டி நீக்கினர். எழுவருக்கும் மாதவிடாய் மீண்டது.

அந்த மருத்துவர்கள் அந்த எழுவரிடமும் கேட்காத ஒன்றை இன்றைய மருத்துவம் கேட்கிறது. எழுந்து நடக்குமாறும், மிதிவண்டி மிதிக்குமாறும், தசைகளுக்கு வேலை கொடுக்குமாறும் கேட்கிறது. கத்தியால் நீக்கப்பட வேண்டிய கோளாறு நோயாளியின் முயற்சியால் திருத்தப்பட வேண்டியதாக மாறிய அக்கணத்திலேயே அது ஒழுக்கவியலின் எல்லைக்குள்ளும் வந்துவிடுகிறது. சத்திரசிகிச்சை தோற்றால் எவரும் நோயாளியைப் பழிப்பதில்லை. முயற்சி தோற்றால் பழிப்பதற்கு ஓர் ஆள் கிடைத்துவிடுகிறாள்.

இம்மாற்றத்துக்குக் காரணமான அறிவைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். ஏனெனில் ஒழுக்கச் சிக்கல் முழுவதும் அதனுள்ளேயே அடங்கியுள்ளது. உண்ட உணவிலிருந்து குருதியிற் சேரும் குளுக்கோசைத் தசைகளுக்குள் அனுப்பும் பணி இன்சுலின் என்னும் ஓமோனுடையது. இந்நோயுள்ள பெண்களிற் பெரும்பாலாரின் தசைகள் இன்சுலினின் கட்டளைக்கு எளிதிற் செவிசாய்ப்பதில்லை. அதனாற் சதையி மேன்மேலும் இன்சுலினைச் சுரக்கின்றது. தசைகள் செவிசாய்க்காத அந்த மிகை இன்சுலினுக்குச் சூலகம் மட்டும் நன்றாகவே செவிசாய்க்கிறது. ஆண்மை ஓமோன்களை அளவுக்கு மீறிச் சுரக்கின்றது. அவ்வோமோன்களைப் பிடித்துக் கட்டிவைக்கும் புரதத்தை ஈரல் உற்பத்தி செய்வதையும் அதே இன்சுலின் குறைத்துவிடுகிறது. விளைவாகச் சூலை வளர்க்கும் பைகள் முதிராமல் நின்றுவிடுகின்றன. கொழுப்பு வயிற்றைச் சுற்றித் திரள்கின்றது. திரண்ட கொழுப்பு இன்சுலினுக்கு எதிரான தடையை மேலும் வலுப்படுத்துகின்றது. சக்கரம் எங்கே தொடங்கியது என்று கேட்டால் அதற்கு ஒரு முனை கிடையாது.

எனினும், அச்சக்கரத்தை முதன்முதலிற் சுழற்றியவள் அவளேதானா என்று கேட்போருக்கு விடை ஓரளவு உண்டு. மெலிந்த உடலுடைய நோயாளிகளிடமும் இன்சுலின் தடை காணப்படுகிறது என்பதை டுனைஃப் முதலான அமெரிக்க ஆய்வாளர்கள் 1989 இல் வெளிப்படுத்தினர். உடற் பருமன் அதனைக் கடுமையாக்கலாம். ஆனால் அதுவே மூலமன்று. 2006 இல் வெளியான ஒல்லாந்து தேசத்து இரட்டையர் ஆய்வொன்று, இந்நோய்க்கு ஆளாவதில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டிற் சுமார் 70 சதவீதம் பரம்பரையைச் சார்ந்தது என மதிப்பிட்டது. இன்னும் நெருக்கமான சான்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து கிடைக்கிறது. இலங்கை மருத்துவ ஆய்வாளர் முன்னின்று நடத்தி 2002 இல் வெளிவந்த அவ்வாய்வு, அந்நகரில் வாழும் தென்னாசியப் பெண்களுக்கு இந்நோய் ஐரோப்பியப் பெண்களைவிட இளவயதிலேயே வெளிப்படுகிறது என்றும், இன்சுலின் தடையும் அவர்களிடம் மிகுதி என்றும் காட்டியது. இலங்கையிற் கம்பகா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான பெண்களிடையே நடத்தப்பட்டு 2008 இல் வெளிவந்த கணிப்பு, நூற்றுக்கு 6.3 பேர் இந்நோயுடையோர் எனக் கூறியது. நூறு மாணவியர் அமர்ந்திருக்கும் விரிவுரை மண்டபம் ஒன்றை மனத்திற் கொண்டால் அவ்வெண்ணின் பொருள் விளங்கும்.

இனி உடற்பயிற்சியின் இடம் யாது என்பதைக் காணலாம். தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் கட்டளைக்குக் காத்திராமலே குளுக்கோசை உள்வாங்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. பழுதடைந்த பெருவாயிலைத் தவிர்த்துப் பக்கவாயில் ஒன்றைத் திறந்துகொள்வதைப் போன்றது இது. பயிற்சி தொடருமாயின் பெருவாயிலும் ஓரளவு சீரடையத் தொடங்குகிறது. சக்கரத்தை உடைக்கத்தக்க இடம் தசையே என்னும் கருத்து இவ்வாறு உருவாயிற்று.

இதனைச் சோதித்த ஆய்வுகளுள் ஒன்று ஒழுக்கவியல் மாணவர்களும் அறியவேண்டியது. இத்தாலியில் பலோம்பாவும் அவரது குழுவினரும் 2008 இல் வெளியிட்ட அவ்வாய்வில், பருத்த உடலும் இந்நோயும் உடையோராய்ச் சூல் வெளிப்படாமையாற் கருத்தரிக்காதிருந்த நாற்பது பெண்கள் பங்குபற்றினர். இருபதின்மர் 24 வாரங்கள் மிதிவண்டிப் பயிற்சி செய்தனர். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். ஏனைய இருபதின்மர் கலோரி குறைத்த உணவுமுறையைக் கடைப்பிடித்தனர். ஆறு மாத முடிவில் உடல் நிறை அதிகமாகக் குறைந்தது உணவைக் குறைத்தவர்களுக்கே. ஆனால் மாதவிடாய் ஒழுங்காக வந்ததும், சூல் அடிக்கடி வெளிப்பட்டதும் மிதிவண்டி மிதித்தவர்களிடமே. கருத்தரித்தோர் தொகையில் இரு சாராருக்கும் இடையே உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. நாற்பது பேரைக் கொண்ட சிறிய முன்னோடி ஆய்வு இது; இதன்மீது பெருங்கோட்டை கட்டுதல் தகாது. எனினும் அது எழுப்பும் ஐயம் சிறியதன்று. தராசு குறைவாகச் சொன்ன இடத்தில் உடல் அதிகமாகத் திருந்தியிருக்குமாயின், அவ்வளவு காலமும் தராசை நம்பி வழங்கப்பட்ட தீர்ப்புகளின் கதி என்ன?

தீர்ப்பு என்னும் சொல் மிகையானதன்று. இத்தகைய பெண் ஒருத்தி மூன்று மாத இடைவெளியின் பின் கிளினிக்குக்கு வருவதாகக் கொள்வோம். அவள் நாள்தோறும் மாலையில் நடந்தவள். படியேறும்போது முன்போல் மூச்சு வாங்குவதில்லை. இரண்டு மாதங்களாக மாதவிடாய் தவறவில்லை. அவளைத் தராசில் ஏற்றுகின்றனர். முள் பழைய இடத்திலேயே நிற்கிறது. “நடக்கச் சொன்னோமே, நடக்கவில்லையா?” என்ற வினா பிறக்கிறது. “நடந்தேன்” என்று அவள் சொல்கிறாள். தாதியின் முகத்தில் ஒரு சிறு புன்னகை. அந்தப் புன்னகைக்கு எதிராக அவள் முன்வைக்கக்கூடிய சாட்சி எதுவுமில்லை.

தமிழில் நிறை என்னும் சொல்லுக்குப் பாரம் என்பது மட்டும் பொருளன்று. மனத்தை நெறியில் நிறுத்தும் ஒழுக்கத்தையும், சிறப்பாகப் பெண்ணின் கற்பொழுக்கத்தையும் பழைய நூல்கள் அச்சொல்லாலேயே குறித்தன. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்தமை மொழியின் தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் தராசுக்கு முன்னால் நடப்பது தற்செயலன்று. அங்கே அளக்கப்படுவது முதலாவது நிறை. வாசிக்கப்படுவது இரண்டாவது நிறை. முள் காட்டும் கிலோகிராமிலிருந்து அவளது அடக்கம், உண்மை, விடாமுயற்சி ஆகியவற்றைப் பற்றிய முடிவுகள் பெறப்படுகின்றன. இயற்பியல் அளவை ஒன்றிலிருந்து ஒழுக்க முடிவு ஒன்றைப் பெறுதல் தருக்கப் பிழை என்பதை முதலாண்டு மாணவனும் அறிவான். ஆயினும் வெள்ளை அங்கியின் முன்னிலையில் அப்பிழை பிழையாகத் தோன்றுவதில்லை.

மிராண்டா ஃபிரிக்கர் என்னும் பிரித்தானிய மெய்யியலாளர் 2007 இல் வெளியிட்ட நூலொன்றில், ஒருவர் இன்ன கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதற்காகவே அவரது சொல்லுக்கு உரிய நம்பிக்கை மறுக்கப்படுதலைத் தனியொரு அநீதியாக இனங்கண்டார். பொருளைப் பறிப்பதும் உடலை வருத்துவதும் போல, அறிபவர் என்னும் தகுதியைப் பறிப்பதும் ஒரு தீங்கே என்பது அவர் வாதம். தராசின் முன் நிற்கும் பெண்ணுக்கு நேர்வது அதுவே. தன் கால்கள் நடந்தனவா இல்லையா என்பதைப் பற்றி உலகத்தில் அவளைவிட நன்கறிந்தவர் எவருமிலர். அதனை அறியமாட்டாத இரும்புக் கருவியின் சாட்சி ஏற்கப்படுகிறது. அவளது சாட்சி தள்ளப்படுகிறது. இதன் பின்விளைவு ஒன்றும் உண்டு. உண்மை சொல்லியும் பொய்யள் எனப்பட்டவள் அடுத்த முறை கிளினிக்குக்கு வரும் முதல் நாள் பட்டினி கிடப்பாள். அல்லது வராமலே விடுவாள்.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழுவது இயல்பு. அதனை எழுப்புபவர் கொடியவர் அல்லர். பெரும்பாலும் அக்கறையுள்ள வைத்தியரே. பழியை முற்றாக நீக்கிவிட்டால் முயற்சியும் நீங்கிவிடும் என்பது அவர் அச்சம். எல்லாம் பரம்பரை, எல்லாம் ஓமோன் என்று சொல்லிவிட்டால் நோயாளி கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடமாட்டாளா? இந்நோய் அழகையும் குழந்தைப்பேற்றையும் மட்டும் பற்றியதன்று. நீரிழிவு இளவயதிலேயே வரும் ஆபத்தும், மாதக்கணக்கில் உதிராத கருப்பை உட்சுவரிற் புற்றுநோய் தோன்றும் ஆபத்தும் அதனோடு தொடர்புடையவை. ஆகவே அவளைப் புண்படுத்தலாகாது என்பதற்காக வாய்மூடி இருத்தல் கருணையாகாது. இன்னொன்றும் உண்டு. உன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று ஒருத்தியிடம் சொல்வதும் அவளை மதிப்பதன் அடையாளமன்று. செயலாற்றும் ஆளென்ற நிலையிலிருந்து அவளை இறக்கி, ஓமோன்கள் ஓடும் பாத்திரமாக அவளைக் காண்பதே அது.

இவ்வாதத்தின் வலிமையை ஒப்புக்கொண்டே அதன் பிழையைக் காண வேண்டும். வள்ளுவர் ஊழின் வலிமையை ஓர் அதிகாரத்தில் உறுதியாகக் கூறினார்; அதனை விஞ்சும் பெருவலி வேறில்லை என்பது போன்ற தொனி அங்கே உண்டு. ஆள்வினையுடைமை பற்றிய அதிகாரத்திலோ, தெய்வத்தால் ஆகாத இடத்தும் மெய் வருந்திய அளவுக்குக் கூலி உண்டு என்றும், தளராது உழைப்பவர் ஊழையும் புறமுதுகிடச் செய்வர் என்றும் கூறினார். இவ்விரண்டையும் முரண்பாடெனக் கொண்டு உரையாசிரியர்களும் ஆய்வாளர்களும் நெடுங்காலம் விவாதித்துள்ளனர். ஆனால் நோயாளியின் நிலையிலிருந்து நோக்கின் இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகளாகத் தோன்றுகின்றன. இது ஏன் வந்தது என்பது ஒரு வினா. இனிச் செய்யத்தக்கது யாது என்பது வேறொரு வினா. முதலாவது பின்னோக்கியது, இரண்டாவது முன்னோக்கியது. வெள்ளம் புகுந்த வீட்டிலிருந்து நீரை இறைக்கவேண்டியவர் வீட்டுக்காரரே. அதனால் மழையைப் பெய்வித்தவர் அவர் என்று ஆகிவிடாது. அவளால் செய்யக்கூடியது ஒன்று உண்டு என்பதிலிருந்து, அவளால் வந்தது என்பது பெறப்படாது. வைத்தியரின் அச்சம் இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. பழி இல்லாமற் பொறுப்பு இல்லை என்று அவர் நம்புகிறார். ஆனால் வீட்டுக்காரர் வாளியை எடுப்பதற்கு அவரை எவரும் குற்றவாளி ஆக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

சமூகவியலாளர் தல்கொட் பார்சன்ஸ் 1951 இல் நோயாளியின் சமூக நிலையை வரையறுத்தபோது ஒரு உடன்படிக்கையைப் போலவே அதனை அமைத்தார். நோயுற்றவர் தம் நோய்க்காகப் பழிக்கப்படார். வழமையான கடமைகளிலிருந்தும் விடுவிக்கப்படுவார். அதற்கு ஈடாக, குணமடைய விரும்புதலும் தகுந்த உதவியை நாடுதலும் அவர் கடன். காய்ச்சலுக்கும் கைமுறிவுக்கும் இவ்வுடன்படிக்கை நன்கு பொருந்தும். ஆனால் உடற்பயிற்சியே மருந்தாகும் நோயில், பிற்பகுதி முற்பகுதியை விழுங்கிவிடுகிறது. பலன் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் விருப்பமே ஐயத்துக்குள்ளாகிறது. விருப்பம் ஐயத்துக்குள்ளானதும் பழியிலிருந்து பெற்ற விலக்கும் பறிக்கப்படுகிறது. கடமைகளிலிருந்து விடுதலை என்பதோ அவளுக்கு முதலிலிருந்தே வழங்கப்படவில்லை. மாதவிடாய் வரவில்லை என்று எந்த வீட்டிலும் எவரும் ஒரு பெண்ணைச் சமையலறையிலிருந்து ஓய்வெடுக்க அனுப்பியதில்லை.

சாமுவேல் பட்லர் 1872 இல் எழுதிய ‘எரவோன்’ என்னும் கற்பனைக் கதையில் ஒரு நாடு வருகிறது. அங்கே திருடியவனுக்கு மருத்துவம் செய்வார்கள். நோயுற்றவனுக்குத் தண்டனை விதிப்பார்கள். கயரோகம் பிடித்த இளைஞன் ஒருவன் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறான். நோய் பெற்றோர் வழி வந்ததென்னும் வாதத்தை நீதிபதி ஏற்க மறுக்கிறார். நற்பேறு இல்லாமையே குற்றம் என்பது அந்நாட்டுச் சட்டம். வாசிப்போர் நகைக்கும்படியே பட்லர் அதனை எழுதினார். தராசின் முன் நிற்கும் பெண்ணுக்கு அந்நகை எட்டுமோ என்பது ஐயமே.

முயற்சிக்குக் கூலி உண்டு என்பது மெய். ஆனால் எல்லோருக்கும் ஒரே கூலியா? அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வு இதற்கு மறைமுகமாக விடை தருகிறது. நிறை மிகுந்த பெண்களில் இந்நோய் உள்ளோரும் இல்லாதோருமாக இரு சாரார் 12 வாரங்கள் கடுமையான பயிற்சி பெற்றனர். நோயுள்ளவர்களின் இன்சுலின் தடை குறையவே செய்தது. எனினும் அத்தனை உழைப்பின் பின்னும் அவர்கள் நோயில்லாத பெண்களின் நிலையை எட்டவில்லை. ஒரே மண்டபம், ஒரே வியர்வை. கூலி மட்டும் வேறு. 1976 இல் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய மெய்யியலாளர் இருவரும் ஒருவரது ஒழுக்க மதிப்பீட்டில் அவர் கையிலில்லாத தற்செயல்களுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்னும் வினாவை எழுப்பி மேலைநாட்டு ஒழுக்கவியலைக் கலங்கச் செய்தனர். ஊழ் என்னும் சொல்லுடன் வளர்ந்த தமிழ் மாணவனுக்கு அக்கலக்கம் சற்று வியப்பாகவே தோன்றும். ஆனால் அவர்கள் கேட்டது கூர்மையான கேள்வி. விளைவைக் கொண்டு முயற்சியை மதிப்பிடுபவர், உண்மையில் முயற்சியோடு சேர்த்து ஊழையும் மதிப்பிட்டு, இரண்டின் கூட்டுத்தொகையையும் ஒருவரது குணம் என்று எழுதிக்கொள்கிறார்.

இதுவரை கூறியது பழியைப் பற்றியது. இதனினும் ஆழமான வினா ஒன்றும் உண்டு. அப்பயிற்சி யாருக்காக?

அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் 1990களிற் குழந்தைப்பேறு கிட்டாத, நிறை மிகுந்த பெண்களுக்காக ஒரு திட்டம் நடைபெற்றது. ஆறு மாத காலம் அவர்கள் வாரந்தோறும் ஒன்றுகூடிப் பயிற்சி செய்தனர். உணவைப் பற்றிக் கற்றனர். தம் மனத்துயரைப் பேசினர். 1998 இல் வெளிவந்த முடிவுகளின்படி, திட்டத்தை முடித்த 67 பெண்களுள் 60 பேருக்குச் சூல் இயல்பாக வெளிப்படலாயிற்று. 52 பேர் கருவுற்றனர். 45 பேருக்குக் குழந்தை பிறந்தது. சராசரியாக 10.2 கிலோகிராம் நிறை குறைந்தது. மகிழத்தக்க எண்கள் இவை. குழந்தைக்காக ஏங்கியிருந்த பெண்ணுக்கு அந்த 45 என்னும் எண்ணின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. ஆனால் கருவுறாத பதினைவரின் இருதயம் வலுப்பெற்றதும் வெற்றியே அல்லவா? வெற்றி கருவைக் கொண்டே கணக்கிடப்படும்போது அவர்கள் எந்தப் பட்டியலில் இடம்பெறுவர்?

மனிதரை ஒருபோதும் வெறுங்கருவியாக மட்டும் நடத்தாது, எப்பொழுதும் முடிந்த இலக்காகவும் நடத்துதல் வேண்டும் என்பது இமானுவேல் கான்டின் ஒழுக்க விதி. பெண்ணின் உடற்பயிற்சியைப் பற்றிய பேச்சுப் பெரும்பாலும் இவ்விதியை மறந்தே நடைபெறுகிறது. மணமாகாத பெண்ணுக்கு நிறையைக் குறைக்கச் சொல்வது மாப்பிள்ளை வீட்டாரை எண்ணி. மணமானவளுக்குச் சொல்வது பிள்ளையை எண்ணி. இரண்டு பிள்ளை பெற்றவளிடம் எவரும் எதுவும் சொல்வதில்லை. அவளது இன்சுலின் தடை அவளோடேயே இருந்தாலும். இவ்வறிவுரைகள் ஒவ்வொன்றும் மருத்துவ அளவிற் சரியானவையே. அவற்றின் முகவரிதான் பிழை. கடிதம் அவள் கையிற் கொடுக்கப்படுகிறது; உறையில் எழுதப்பட்டிருப்பது வேறொருவர் பெயர்.

மெல்பேணை மையமாகக் கொண்டு பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து உருவாக்கி, 2018 இல் வெளியிட்டு 2023 இற் புதுக்கிய சருவதேச வழிகாட்டல், இவ்விடயத்தில் மருத்துவம் தன்னைத் திருத்திக்கொள்ள முனைவதைக் காட்டுகிறது. நிறை குறையாவிட்டாலும் பயிற்சியால் நன்மை உண்டு என்பதை அது வெளிப்படையாகக் கூறுகிறது. உடற் பருமனைக் காட்டி நோயாளரை இழிவுபடுத்துதல் அவர்களுக்குத் தீங்கு விளைக்கும் என்பதையும் அது ஏற்றுக்கொள்கிறது. வளர்ந்தோருக்கு அது கூறும் அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம், அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான உடலியக்கம். அத்துடன் அடுத்தடுத்து வராத இரு நாட்களில் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. பொதுமக்கள் அனைவருக்கும் கூறப்படும் அளவும் ஏறத்தாழ இதுவே. நோயுற்றவளுக்கெனத் தனியானதொரு தவம் விதிக்கப்படவில்லை.

நூற்றைம்பது நிமிடம் என்பது தாளில் எழுதுவதற்கு எளிய எண். ஒன்றைச் செய்யக் கடமைப்பட்டவர் என்று ஒருவரைச் சொல்வதற்கு முன் அதனை அவராற் செய்ய இயலும் என்பது உறுதியாக வேண்டும் என்பதும் கான்டின் சிந்தனையோடு தொடர்புடைய கருத்தே. அந்த நிமிடங்கள் ஒரு பெண்ணின் நாளில் எங்கே கிடக்கின்றன? விடியுமுன் அடுப்பு, பின்பு பேருந்து, அலுவலகம் அல்லது ஆடைத் தொழிற்சாலையின் தையல் இயந்திரம், மாலையில் மீண்டும் பேருந்து, மீண்டும் அடுப்பு. எஞ்சுவது இருட்டிய பின்னரான பொழுது. அப்பொழுதில் தெருவில் விரைந்து நடக்கும் பெண்ணை ஊர் எவ்வாறு நோக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். மைதானம் ஒன்று அருகில் இருந்தால் அது இளைஞர்களின் கிரிக்கெட்டுக்கு உரியது. பருத்த பெண் ஒருத்தி சப்பாத்து அணிந்து ஓடத் தொடங்கினால் மதிலோரத்தில் எழும் சிரிப்பு, அவள் ஓடாதிருந்தபோது அவளைப் பழித்த அதே வாய்களிலிருந்து எழுவதே. இயலாமையை உண்டாக்கியவர்களே இயலவில்லையா என்று கேட்கும் உரிமையையும் வைத்திருக்கிறார்கள்.

வள்ளுவர் மருந்தைப் பற்றிய அதிகாரத்தை முடிக்கும் இடத்தில் மருத்துவத்தை நால்வகைப் பகுதியாக வகுத்தார்: நோயுற்றவர், அதனைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து துணை செய்பவர். அந்நான்கில் நோயுற்றவர் ஒரு பகுதி மட்டுமே. உடற்பயிற்சி மருந்தாகும் இந்நோயில், மருந்தும் அவளே, அதனைத் தருபவளும் அவளே, அருந்துபவளும் அவளே என்று ஆகிவிட்டதைப் போன்ற மயக்கம் நிலவுகிறது. நான்காவது பகுதி முற்றாக மறைந்துவிட்டது. அடிலெயிட் பெண்கள் வாரந்தோறும் ஒன்றுகூடினர் என்பதை அவ்வெண்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதன் பெறுமதி தெரியும். அவர்கள் ஒருவருக்கொருவர் துணையாயினர். இங்கே அந்நான்காமவர், மாலை ஆறு மணிக்கு அடுப்பின் முன் அமர்ந்து, “நீ போய் நடந்துவிட்டு வா, சோற்றை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லும் கணவராகவோ மாமியாராகவோ இருக்கலாம். அரை மணி நேரம் கழித்து அவள் வியர்வையுடன் திரும்பி வரும்போது தராசைத் தேடாமல் இருக்கக்கூடியவராகவும் இருக்கலாம்.